இல்மா கீறிய பிறை

"இதென்ன பிள்ளை, பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கு?"

விஞ்ஞானக் கண்காட்சிக்கு இல்மா கீறிக்கொண்டு வந்த படத்தை றஞ்சனா டீச்சர் தூக்கிப் பிடித்தார்.

"நேத்து பொழுதுபட்டு மஃரிப் தொழுற நேரம் வாசல்ல நின்டு பாத்துத்தான் கீறினேன், டீச்சர்."

"புத்தகத்தில நிமிர்ந்தெல்லோ நிக்குது? சும்மா புழுகாதை!"

வகுப்பே சிரித்தது. டீச்சர் படத்தின் மேல் சிவப்புப் பேனையால், பிழை என்று பெரிதாக ஒரு புள்ளடி போட்டார்.

அன்று பொழுதுபடும் நேரம் கடுகண்ணாவையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர், தற்செயலாக மேற்கே பார்த்தார். மலைக்கு மேலே பிறை, தோணி மாதிரியே மல்லாந்து கிடந்தது.

பதினெட்டு வருடமாகப் பிறையைப் படிப்பிக்கிறார். ஒருநாளாவது அதை அண்ணாந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு வீடு போய்ச் சேரும்வரை காதைவிட்டுப் போகவில்லை.

எல்லோர் முன்னிலையிலும் இல்மாவிடம் மன்னிப்புக் கேட்பதென்ற முடிவோடு மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தார். அவர் வாய் திறக்குமுன்பே இல்மா ஓடிவந்து புதுப்படம் ஒன்றை நீட்டினாள். அதில் பிறை, புத்தகத்தில் உள்ளபடியே நிமிர்ந்து நின்றது.

"நேத்தும் போய்ப் பாத்தேன், டீச்சர்," என்றாள் தாழ்ந்த குரலில். "வானத்துல இன்னும் பிழையாத்தான் இருக்கு."