மூலையில் ஒரு பெஞ்சு

"பின்னாடி பாம்பு இருக்குன்னு சொல்றாங்க. நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் இரண்டாம் மாடி சூப்பர்வைசர்.

மொட்டைமாடியில் கூடியிருந்த குடித்தனக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் சொன்னது என்று மூன்றாம் மாடி டீச்சர் கேட்க, யாரோ சொன்னார்கள் என்று சூப்பர்வைசர் இழுத்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவர் மனைவி உட்பட.

கட்டடத்தின் பின்புறம், குழாய்கள் இறங்கும் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு நீள இடம் கிடந்தது. ஒரு ஜன்னல்கூட அந்தப் பக்கம் இல்லை. உடைந்த கதவு, ஓட்டைத் தண்ணீர்த் தொட்டி, காலொடிந்த கட்டில் என்று வேண்டாததெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். அதைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசும் இடமாக்க வேண்டும் என்று கிளப்பிவிட்டதே அவர் மனைவிதான். வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவள். அளவு கொடுக்க வந்தவர்களிடம் பேசிப் பேசியே மொத்தக் கட்டடத்தையும் தன் பக்கம் இழுத்துவிட்டாள்.

இவளுக்கு எங்கேயிருந்து வந்தது இந்தப் பொதுச்சேவைப் புத்தி என்று சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் இருந்தது. காலையில் டிபன் பாக்ஸோடு முன்வாசல் வழியே கிளம்பும் அவர், தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்துச் சந்தில் மதில் உடைந்த இடம் வழியாக நுழைந்து, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தது அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான். சாயங்காலம் பேன்ட்டைத் தட்டிவிட்டு, தலையை வாரிக்கொண்டு, அலுத்துக் களைத்த முகத்தோடு முன்வாசல் வழியாகவே வீடு திரும்புவார்.

அவர் சூப்பர்வைசராக வேலை பார்த்த கிடங்கை மூடி மாதங்கள் ஆகிவிட்டன. மூடிய அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அன்று பார்த்து மனைவி தலைவலி என்று படுத்திருந்தாள். மறுநாள் சொல்வதென்றால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படியே ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் போயிற்று. கையிலிருந்த சேமிப்பை எடுத்துச் சம்பளம் என்று கொடுத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

பாம்பு எடுபடவில்லை. மதில் இடிந்து விழும் என்றார். கீழ்வீட்டு மெக்கானிக் ஓங்கி ஓர் உதை விட்டுப் பார்த்தார், அசையவில்லை. கொசு என்றார், நாற்றம் என்றார், யார் காதிலும் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு கூடையோடு இறங்கிக் குப்பையை வாரிவிட்டார்கள். அவரும் வார வேண்டியிருந்தது. தொட்டிக்குப் பின்னால் தானே விரித்து வைத்திருந்த அட்டையை, எவனுடையதோ என்பது போல முகத்தைச் சுளித்துக்கொண்டு தூக்கிப் போட்டார்.

திங்கட்கிழமை முதல் அவருக்குப் போக்கிடம் இல்லை. பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போனார், அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். நூலகத்தில் உட்கார்ந்தால் தெரிந்தவர் யாராவது வந்துவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரை விரித்தால் ஒரு வரி மண்டையில் ஏறவில்லை. சாப்பாட்டை ஏதோ ஒரு மரத்தடியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டார். வீடு வந்தால், பின்பக்கம் சுத்தியல் சத்தம்.

மனைவியோ ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைத்தாள். பெஞ்சை நடுவில் போடலாம் என்று எல்லோரும் சொல்ல, தொட்டி இருந்த மூலையில்தான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அங்கேதான் மத்தியான வெயில் விழாதாம். அது அவருக்கும் நன்றாகவே தெரியும், சொல்லத்தான் முடியாது. பெயின்டரை அதற்கு மேல் படுத்தினாள்.

"இந்தப் பழைய சுண்ணாம்பு நீலத்தை முழுசா சுரண்டி எடுத்துடுங்க. தொட்டா ஒட்டாத பெயின்ட்டா பார்த்து அடிங்க."

"இந்தச் சுவரை யாரு வந்து தொடப் போறாங்க, அக்கா?"

"பெஞ்சுல உட்கார்ந்தா சாய மாட்டாங்களா?"

அடுத்த ஞாயிறு சாயங்காலம் விளக்கெல்லாம் எரிந்தது. வருடக்கணக்காக மாடிப்படியில் பார்த்தும் பார்க்காததுபோலப் போனவர்கள், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். டீச்சர் பெரிய பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். மெக்கானிக்குக்குப் பாட வரும் என்பதே அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. தையல்காரம்மாவுக்குக் கை தட்டினார்கள். பாம்பைப் பற்றி யாரோ கேட்க, சூப்பர்வைசரும் பல்லைக் காட்டி வைத்தார்.

அவர் மூலை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விடிந்தால் திங்கட்கிழமை. எந்த பஸ், எந்தப் பக்கம் என்று மனம் அலைந்துகொண்டிருந்தது. பேசாமல் இவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இத்தனை பேர் பாராட்டிக் கொண்டாடும் நாளில் அவள் முகம் வாடுவதைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மனைவி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன் நுனியில தொத்திக்கிட்டு இருக்கீங்க? நல்லா சாஞ்சு உட்காருங்க."

"வெள்ளைச் சட்டை. சுவர்ல சாஞ்சா அழுக்காயிடும்."

"இனிமே ஆகாது," என்றாள் அவள், யாருக்கும் கேட்காதபடி. "உங்க சட்டை முதுகுல ஒட்டிக்கிட்டு வந்த நீலத்தைத் தினம் தினம் தேய்ச்சு என் கைதான் தேஞ்சு போச்சு. நாளையிலேர்ந்து டிபன் பாக்ஸ் கட்டல, பசிச்சா மேல வாங்க, சூடா சாப்பிடலாம்."