நூற்றைம்பது சதவீதம்

திரையில் பெட்டிகள் ஒரு பக்கம் நிற்க, அவற்றைக் கோக்க வேண்டிய கோடுகள் இரண்டு விரற்கடை தள்ளி அந்தரத்தில் தொங்குகின்றன. இவற்றை வரையும் நிரலை எழுதியவள் சீனியரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாள். அவர் பின்னால் நிற்கிறார். "இந்தப் பெண்ணின் வேலை அரைகுறை" என்று காலையில்தான் மேனேஜருக்கு, அவளுக்கும் ஒரு நகல் வைத்து, மெயில் தட்டியிருக்கிறார். அவள் திரை அமைப்பைத் திறக்கிறாள். "எழுத்தைப் பெருசாக்கி வெச்சிருக்கீங்களா சார்?" நூற்றைம்பது சதவீதம். எழுத்து பெருத்தால் பெட்டிகளும் கூடவே பெரிதாகும், கோடுகள் மட்டும் பழைய அளவிலேயே ஓடும். கோளாறு அவ்வளவுதான். கண்ணாடி போட மனமில்லாமல் போன மாதம் அவரே வைத்த அளவு அது. "யாரோ மாத்திட்டாங்க போல" என்கிறார், காதுமடல் சுடுகிறது. "அந்த யாரோவையும் மெயில்ல போட்டிருக்கலாமே சார்." அவள் நூறுக்கு இறக்கியதும் கோடுகள் சமர்த்தாக வந்து பெட்டிகளில் ஒட்டிக்கொள்கின்றன. "தப்பு என்னுதில்லன்னு மேனேஜருக்கு ஒரு வரி போட்டுடுங்க." எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளுகிறாள். அவர் உட்கார்ந்து மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிகிறார். ஜன்னல் வெளிச்சத்தில் எழுத்துகள் எறும்புகளாக ஊர்கின்றன. மேனேஜரின் பெயர் எங்கே என்றே தெரியவில்லை. மவுசின் மேல் கை சும்மா கிடக்கிறது. திரும்பாமலே சொல்கிறார்: "கொஞ்சம் பெருசாக்கித் தாம்மா. மாத்தினது நான்தான்."