ஒன்பதாவது சத்தம்

சுரங்கத்தில் ஜெனரல் ஷிப்ட் முடிந்து பதினேழாம் பிளாக் குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் சிங்காரவேலு சாக்ஸபோனை எடுப்பார். கர்நாடக ராகங்களை ஜாஸோடு கலந்து இசையமைத்துக்கொண்டிருந்தார். தாளம் போடுவது மகள் பூங்கோதை. தப்பினால் அவள் உள்ளங்கையில் மரஸ்கேலால் ஒரு அடி விழும். எழுபத்து நாலாம் வருஷம் அவள் காய்ச்சலில் இறந்தாள்.

ஏழு வருஷம் கழித்து, யாரும் தாளம் போடாமல் தனியே வாசித்து டேப்பில் பதிவு செய்தார். போட்டுக் கேட்டபோது, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை முடியும் ஒவ்வொரு முறையும் ஒன்பதாவதாக ஒரு சத்தம் விழுந்தது.

"அது ஸ்கேல் அடிக்கிற சத்தங்க. அழிச்சிடுங்க," என்றாள் மனைவி தனபாக்கியம்.

"அந்த இடத்துலதாண்டி ஜாஸே வருது."

அதைக் கச்சேரியில் வாசிக்க ஏற்பாடு செய்தபோது, கூட வாசிக்க வந்த டிரம்ஸ்காரரால் அந்தச் சத்தத்தைக் கொண்டுவர முடியவில்லை. சிங்காரவேலு பீரோ மேலிருந்த ஸ்கேலை எடுத்துக்கொண்டு இளைய மகளைக் கூப்பிட்டார். மூத்தவள் போன மறுவருஷம் பிறந்தவள். அவள்மேல் இதுவரை யாரும் கைவைத்ததில்லை.

"எட்டு வரைக்கும் எண்ணும்மா."

எண்ணி முடித்ததும், கேட்காமலே கையை நீட்டினாள். உள்ளங்கை ஏற்கெனவே சிவந்து தடித்திருந்தது.

"இன்னிக்குத் தாளம் தப்பாப் போடலியேப்பா," என்றாள்.

சிங்காரவேலு டேப்பில் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.