சேராத கால்

ஜூன் 9. மாலைப் பயிற்சியில் இன்றும் இடது காலுக்குப் பதில் வலது காலை எடுத்து வைத்துவிட்டேன்.

“ஊரே ஒரு பக்கம்னா நீ ஒரு பக்கம்! வரிசையை விட்டு வெளிய வாம்மா,” என்றார் பேண்டு மாஸ்டர்.

ரிசர்வ் படை இசைக்குழுவில் என் கதை முடிந்தது என்று கிளாரினெட்டைப் பெட்டிக்குள் வைத்தேன்.

“எங்க கிளம்பிட்ட?” என்று தடுத்தார் மாஸ்டர். “இந்தக் குழு ஆரம்பிச்ச நாள்லேருந்து நமக்கு ரெண்டு வேலை. அணிவகுப்புன்னா வாசிக்கணும். ஆபத்துன்னா ஸ்ட்ரெச்சர் தூக்கணும். அங்க பாரு.”

பயிற்சிக்காக, அடிபட்டவர் போல ஸ்ட்ரெச்சரில் டிரம்மர் அண்ணன் படுத்திருந்தார். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிக்கொண்டு, அணிவகுப்பு போலவே கால் சேர்த்து நடந்தார்கள்.

“ஐயோ, குலுங்குது! இறக்குங்கடா, வாந்தி வருது!” என்று அலறினார் அண்ணன்.

“ரெண்டு பேரும் ஒரே காலை வெச்சா குலுங்கத்தான் செய்யும். நம்ம முன்னோடிங்க, குழு ஆரம்பிச்சப்புறம் வந்த முதல் வெள்ளத்துல இப்படித்தான் கச்சிதமா நடந்து, காப்பாத்தின ஆளையே கவிழ்த்துட்டாங்க,” என்ற மாஸ்டர், முன்னால் நின்றவரை விலக்கிவிட்டு ஸ்ட்ரெச்சரின் முன்பிடியை என் கையில் கொடுத்தார்.

பயந்துகொண்டேதான் நடந்தேன். வழக்கம்போல என் கால் சேரவில்லை. ஸ்ட்ரெச்சர் குலுங்கவே இல்லை.

“அப்படியே வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுடு தாயே,” என்று கண்ணை மூடிக்கொண்டார் அண்ணன்.

நாளை மாலை: மற்றவர்களுக்குக் கால் சேராமல் நடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.