போனுக்குள் ஒருத்தி

“மாத்திரை போடலைன்னா அந்தப் பொம்பள வையுதா, யக்கா. என் மாமியாகூட அப்படி வஞ்சதில்ல.”

சீவலப்பேரி போகும் டவுன் பஸ்ஸில் தனலட்சுமி தன் போனைத் தூக்கிக் காட்டினாள். பக்கத்தில் இருந்த சொர்ணாம்பாள் சிரித்தாள். அவள் போனிலும் அதே செயலிதான். சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரையை நினைவூட்டுவது.

“மொதல்ல ஒருத்தி, ‘வணக்கம், மருந்து உட்கொள்ளும் நேரம்’னு இனிக்க இனிக்கப் பேசுவா. நான் சட்டை பண்ணினதே இல்ல. இப்ப வந்தவ, ‘போட்டியா இல்லையா, சொல்லு’ங்கா. பொய் சொல்ல வாய் வரமாட்டேங்கு” என்றாள் தனலட்சுமி.

“மிஷினுதானளா, அமத்திப் போடு.”

“அமத்தத்தான் செஞ்சேன். பொறவும் வந்து, ‘கால்ல புண்ணு வந்து படுத்தா உம்புள்ளைக்கு யாரு சோறு பொங்குவா’ன்னு கேக்கா. எப்படிப் போடாம இருக்க?”

முன் சீட்டில் விஜயஸ்ரீ திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் செயலியை வடிவமைத்தவள் அவள். எந்தச் சொல்லுக்கு மனிதர்கள் அசைகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஊர் ஊராகப் போய் இப்படிக் காது கொடுப்பாள். இன்று தாய் இசக்கித்தாயையும் கூட்டி வந்திருந்தாள், வழியில் வாயே திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

இசக்கித்தாய்க்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது. பெருமையில் நெஞ்சு விம்மியது. ‘இதைச் செஞ்சது எம்மவதான்’ என்று பஸ்ஸுக்கே சொல்ல வேண்டும்போல் இருந்தது. உதடு அசையும்போதெல்லாம் மகள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டதற்கும் மகளே பதில் சொன்னாள்.

“சக்கரை நல்லா இறங்கிட்டுன்னு டாக்டரே சொல்லிட்டாரு” என்றாள் தனலட்சுமி. “அதனால இன்னைக்கு ஒரு நாள் லீவு. மச்சினி மவளுக்குச் சடங்கு. லட்டு, பாயசம் எல்லாம் உண்டு. மாத்திரை பையில கெடக்கு, போடப் போறதில்ல.” போனையே அணைத்தாள். “இனி அவ எப்படி வையுதான்னு பாக்கேன்.”

இசக்கித்தாயால் அதற்கு மேல் முடியவில்லை. மகள் கையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

“லீவா? பையத் தொறந்து மாத்திரைய எடுளா.”

போனில் வையும் அதே குரல். தனலட்சுமி அணைத்து வைத்த போனை மிரண்டு பார்த்துவிட்டு, இசக்கித்தாயின் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் இன்னும் மூன்று பெண்கள் தங்கள் பைகளைத் திறந்திருந்தார்கள்; கண்டக்டரின் கை சட்டைப்பையில் மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தது.