துணி காயப் போடலாமா?

"இது வானிலைக் குழுவா, இல்ல சலவைக் கடையா?"

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார் 'மாடல் மன்னன்'. குழுவுக்குப் புதுசு. அவர் போட்ட வரிக்குக் கீழே, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை கட்டி நின்றன.

எல்லாம் 'ஈரத்துணி'யால் வந்த வினை. அந்தக் குழுவில் யாருடைய போன் நம்பரும் யாருக்கும் தெரியாது, பட்டப்பெயர் மட்டும்தான். ஈரத்துணி என்ற பெயரில் இருந்தவர் தினமும் காலையில் கேட்பது ஒரே கேள்வி.

'இன்னிக்குத் துணி காயப் போடலாமா?'

அதற்குப் பதில் சொல்பவரும் ஒரே ஆள். குழுவை ஆரம்பித்த பெரியவர், 'இடிதாங்கி'.

'காற்று திசை மாறுகிறது அம்மா. மதியம் வரை வெயில் உண்டு. அதற்கு மேல் வானத்தை நம்ப வேண்டாம். கனமான துணிகளை முதலில் போடவும்.'

அட்மின் ஒரு பல் டாக்டர். நோயாளிக்கு மரமரப்பு ஊசி போட்டுவிட்டு, அது வேலை செய்கிற வரைக்கும் போனைப் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தார்.

'அட்மின் தூங்கறாரா?'

'சொந்தக் கேள்வி கேட்கக் கூடாதுன்னு ரூல் இருக்கே. பெருசு பதில் சொன்னா மட்டும் சலுகையா?'

அந்த ரூலைப் போட்டதே டாக்டர்தான்.

முன்பெல்லாம் ரூலே கிடையாது. ஒரு வலைப்பூ, அதற்குக் கீழே கமென்ட் பெட்டி, சொற்பமாகக் கொஞ்சம் பேர். உள்ளே வந்தால் வணக்கம் சொல்வார்கள். ஒருத்தர் தெருவில் மழை கொட்டினால், அவர் வீட்டில் குழந்தை பிறந்த மாதிரி மற்றவர்கள் வாழ்த்துவார்கள். மழை ஏமாற்றிவிட்டுப் போனவருக்கு, 'கவலைப்படாதீங்க, ஒரு மேகம் உங்க வீட்டு விலாசம் விசாரிச்சுட்டு இருக்கு' என்று இடிதாங்கி ஆறுதல் எழுதுவார். பொய் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள்.

இப்போது ஆயிரக்கணக்கில் ஆட்கள். வணக்கம் சொன்னால், 'குப்பை போடாதே' என்கிறார்கள். மழை வரும் என்றால் 'ஆதாரம் எங்கே?' வராவிட்டால் 'மன்னிப்பு கேள்.'

டாக்டர் பெருமூச்சு விட்டார். ஈரத்துணியைக் குழுவிலிருந்து நீக்கினார்.

நோயாளியின் பல்லைப் பிடுங்கி முடிப்பதற்குள் போன் வந்தது. வலைப்பூக் காலத்திலிருந்தே டாக்டருக்கு நம்பரும் விலாசமும் தெரிந்த ஒரே ஆள், இடிதாங்கி.

"டாக்டர், ஈரத்துணியைத் திரும்பச் சேர்த்துடுங்க."

"சார், போனைத் தட்டினா தெரியற விஷயம். தினமும் உங்களை உட்கார்ந்து எழுத வெச்சு வேடிக்கை பார்க்கறாங்க. ஒரு நாளாவது நன்றின்னு ஒரு வார்த்தை உண்டா? உங்களையும் சேர்த்துல்ல கிண்டல் பண்றாங்க! எனக்கு மனசு கேக்கல."

"சேர்க்க முடியாதுன்னா சொல்லிடுங்க. நானும் கிளம்பிடறேன்."

டாக்டர் ஆடிப்போனார். இடிதாங்கி இல்லாத குழுவா?

"அவசரப்படாதீங்க சார். சாயந்திரம் நேர்லயே வர்றேன்."

கிளினிக்கை முடித்துக்கொண்டு போனார். கதவைத் திறந்தது பெரியவரின் மருமகள். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், அவள் முகம் மாறியது. உள்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"நீங்கதான் அட்மினா? நான்தாங்க ஈரத்துணி."

"நீங்களா?"

"மெதுவா! மாமா காதுல விழுந்துடப் போகுது."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்கும்மா இப்படி?"

"அத்தை இருந்தவரைக்கும் மாமா என்ன பேசினாலும் அத்தைகிட்டதான். நானும் அத்தைகிட்டதான். அவங்க போனதுக்கப்புறம், சாப்பிடக் கூப்பிட்டா வருவாரு. போதும்னு எழுந்துப்பாரு. அவ்வளவுதான். குழுவுலயும் இப்பல்லாம் அவரை யாரும் எதுவும் கேக்கறதில்ல. பதில் சொல்ல ஒரு கேள்வியாவது இருக்கட்டுமேன்னுதான்..."

"அப்போ, துணி?"

"மெஷின்லயே காஞ்சு வந்துடும்," என்றாள், சிரிப்பும் வெட்கமுமாக. "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

டாக்டர் நின்ற இடத்திலேயே போனை எடுத்தார். முதலில் அந்த ரூலை அழித்தார். பிறகு ஈரத்துணியைச் சேர்த்தார்.

மாடியறையில், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் பெரியவர்.

"சேர்த்துட்டேன் சார். உங்க ஈரத்துணி யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா நல்ல மனுஷங்களாத்தான் இருக்கணும்."

பெரியவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் மருமகதான் டாக்டர் அது."

டாக்டரின் பார்வை சாத்திய கதவுக்குப் போய்த் திரும்பியது.

"குழுவுல ஆயிரம் பேர் கத்தினாலும் அவ போன் கம்முனு கிடக்கும். நான் அவளுக்குப் பதில் போட்டா மட்டும் சமையலறையில 'டிங்'குங்கும். எனக்கு வயசாச்சே தவிர, காது நல்லாத்தான் கேக்குது."

"தெரிஞ்சுக்கிட்டேவா சார் தினமும் பதில் எழுதறீங்க?"

"எனக்குத் தெரியும்னு அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க. நிறுத்திடுவா. பையன் கப்பல்ல வேலைக்குப் போனா, திரும்பி வர மாசக்கணக்காகுது. இந்த வீட்டுல என்னை விட்டா, பாவம், அந்தப் பொண்ணு பேச யாரு இருக்கா?"