அறிக்கைக்கு ஓர் ஆத்துமா

"அளவெல்லாம் சரியா பாத்தியாம்மா? ஞானஸ்நானம் எடுக்கிற பிள்ளை அங்கி தடுக்கித் தண்ணிக்குள்ள விழுந்துடக் கூடாது" என்று தொலைபேசியில் சிரித்தார் மிஷன் செயலாளர்.

"கண்ணளவுதான் ஐயா. சரியா இருக்கும்" என்றாள் விதைக்காரி. மடியில் கிடந்த வெள்ளை அங்கியைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

விதை முளைப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வெளிநாடு வந்தவள் என்பதால் மாணவர் விடுதியில் அவளுக்கு அந்தப் பெயர். பகலெல்லாம் ஆய்வுக்கூடத்தில் குனிந்து, கண்ணாடித் தட்டுகளில் எது முளைத்தது, எது அழுகியது என்று குறித்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மிஷன் வேலை. படிக்க அனுப்பியவர்களுக்கு மாதா மாதம் அறிக்கை போயாக வேண்டும்: யாரைச் சந்தித்தாய், யாருடன் வேதம் வாசித்தாய், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்குத் தயார்?

இரண்டு வருடமாகக் கடைசிக் கேள்விக்கு நேரே பூஜ்யம்தான். இந்தத் தடவையும் பூஜ்யமென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்று போன மாதமே செயலாளர் பக்குவமாகச் சொல்லிவிட்டார். பட்டம் கைக்கு வர இன்னும் ஒரு வருடம் பாக்கி. பயத்தில் விதைக்காரி ஒரு பெயரை எழுதி அனுப்பிவிட்டாள்.

சுருட்டையின் பெயர். மருந்தியல் படிக்கிற சுருட்டைமுடிப் பெண், விதைக்காரியின் தோள் உயரம்தான் இருப்பாள். எட்டு மாதத்துக்கு முன் விடுதியில் துணி துவைக்கிற அறையில் தமிழ்க் குரல் கேட்டு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

"சும்மா, வேதாகமத்துல என்னதான் இருக்குன்னு ரெண்டு பேருமா வாசிச்சுப் பாப்போமா?" என்று ஒன்றும் தெரியாத பிள்ளைபோலக் கேட்டிருந்தாள் விதைக்காரி. பயிற்சி முகாமில் மண்டையில் ஏற்றி அனுப்பிய பாடம் அது. போதிக்காதே, மதம் என்னவென்று கேட்காதே, நீ யாரென்றும் காட்டிக்கொள்ளாதே. நீயும் முதல் தடவை படிப்பவள்போல் கூட உட்கார்ந்து படி.

சுருட்டை ஒரு புதன்கிழமையும் தவறியதில்லை. ஆனால் விதைக்காரி எதைக் கேட்டாலும் "உங்களுக்கு என்ன தோணுதுக்கா?" என்று திருப்பிக் கேட்பாள். எட்டு மாதமாகப் பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்ததே தவிர, ஆட்டம் முடிகிற வழியாக இல்லை.

இதுவும் புதன்கிழமைதான். செயலாளரிடம் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் சுருட்டை விடுதியின் பொதுச் சமையலறைக்கு வந்தாள். கொண்டுவந்த துணிப்பையை மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, "சாப்ட்டீங்களாக்கா?" என்றாள். இல்லையென்று தலையசைத்ததும் ரொட்டியைச் சுடவைத்தாள்.

வாசிக்கத் தொடங்கி நாலு வரி போவதற்குள் விதைக்காரிக்குக் கண் சொக்கியது. திடுக்கிட்டு விழித்தபோது புத்தகம் மூடியிருந்தது, விட்ட இடத்தில் அடையாளத்துக்கு ஒரு தாள் வைத்திருந்தது. எதிரே சுருட்டையும் கண்ணை மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பாவம், அசதியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்ப் பிதற்றுகிறாள் என்று விதைக்காரிக்கு மனம் இளகிப் போயிற்று. இவளையா ஏமாற்றினோம்? படிப்பு போனால் போகட்டும், இனி முடியாது என்று தோன்றியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ எழுந்து போயிடுவ."

சுருட்டை கண்ணைத் திறந்தாள். "என்னக்கா, சொல்லுங்க."

"நான் சும்மா ஒண்ணும் வாசிக்கலடி. ஒரு மிஷன்தான் என்னைப் படிக்க அனுப்பியிருக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நீ ஞானஸ்நானம் எடுக்கப் போறன்னு, உன்னை ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன். துணிகூட வாங்கிட்டேன்." வெள்ளை அங்கியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

சுருட்டையின் முகம் வெளுத்தது. அங்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொய்னு இன்னைக்கே எழுதிடறேன். என்னைத் திரும்பக் கூப்பிட்டுப்பாங்க, பரவாயில்ல. இங்க வந்து ரெண்டு வருஷத்துல சாப்டியான்னு என்னைக் கேட்ட ஒரே ஆள் நீதான். உன்னைப் போய்க் கணக்குல சேத்துட்டேனே."

"அப்ப எட்டு மாசமா நீங்க கேட்டதெல்லாம்... பதில் தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டீங்களா?"

"ஆமா. தெரியாத மாதிரி கேக்கணும்னுதான் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க."

சுருட்டை அங்கியைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது விதைக்காரிக்கு. பிறகு சுருட்டை மெல்லக் குனிந்து, மேஜைக்கடியில் இருந்த துணிப்பையை இழுத்தாள்.

உள்ளேயிருந்து மடிப்புக் கலையாத இன்னொரு வெள்ளை அங்கி வந்தது. நெட்டையான ஒருத்திக்குத் தைத்தது.

"கண்ணளவுதான்க்கா... உங்களுக்குச் சரியா இருக்குமா?"